காக்கிக்கு ஒரு கைப்பிடி

கைலாசநாதனின் கைபேசியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'வயிறு'. இன்னொன்றின் பெயர் 'மனசு'. பெயர் வைத்தது அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மி. "எது எதுக்குன்னு தெரிஞ்சா குழப்பம் வராதுல்ல" என்றாள். வரத்தான் வந்தது. அதைச் சொல்வதுதான் இந்தக் கதை.

அவருக்கு மேலூரில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை. வீடு பசுமலையில். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் கைபேசியை எடுத்துப் பெருவிரலால் எழுதத் தொடங்கிவிடுவார். காலையில் 'வயிறு', மாலையில் 'மனசு'.

'வயிறு' கோப்பில் இருந்தவை எல்லாம் சேக் இஸ்மாயில் பாய்க்காக எழுதியவை. ராசிபலன், கைவைத்தியம், குழந்தைக்குப் பெயர் சூட்ட ஐயாயிரம் பெயர்கள், புள்ளிக்கோலம். பாயின் பதிப்பகம் தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. இருபத்தெட்டு வருடங்களாக ராசிபலன் புத்தகம் போட்டு வருகிறவர். தொழுகைக்கு எழுந்து போகும்போதுகூட, "ரிஷபத்துக்குக் கொஞ்சம் நல்லதா எழுதுங்க சார், ரிஷபக்காரங்கதான் நமக்கு வாடிக்கை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கைலாசநாதன் இந்தப் புத்தகங்களைத் 'திருநள்ளாறு தாசன்' என்ற பெயரில் எழுதினார். திருநள்ளாற்றுக்கு அவர் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறார், அதுவும் மழையில். ஆனாலும் அவர் தெய்வ பயம் உள்ளவர். யாரையும் பயமுறுத்தி எழுதமாட்டார். ஏழை வீட்டில் செய்ய முடியாத பரிகாரம் எதையும் சொல்லமாட்டார். தங்கத்தில் யானை செய்து தானம் கொடு என்று எழுதச் சொன்ன ஒரு பதிப்பாளரிடம், "யானைக்கு ஒரு வாழைப்பழம் கொடுக்கலாம்னு எழுதட்டுமா?" என்று கேட்டு அந்த வாய்ப்பை இழந்தவர்.

'மனசு' கோப்பில் ஒரே ஒரு நாவல் இருந்தது. ஒன்பது வருடங்களாக எழுதியது. தை மாதம் அதை முடித்தார். முடித்த சூட்டோடு பாயிடம் போனார்.

"என்ன கதை?" என்றார் பாய்.

"மதுரை மேலூர் பஸ்ல ஒரு கண்டக்டர். தினமும் ஒத்தக்கடையில மாயக்கான்னு ஒரு பூக்காரம்மா ஏறும். ஒருநாள் ஏறல."

"அப்புறம்?"

"மறுநாளும் ஏறல."

பாய் முன்னால் சாய்ந்தார். "கொலையா?"

"இல்ல."

"யாரு கூடயாச்சும் போயிருச்சா?"

"அதெல்லாம் இல்ல பாய். அந்தம்மா எப்பவும் உக்கார்ற சீட்டுல இவரு துண்டைப் போட்டு எடம் புடிச்சு வச்சுக்கிட்டே இருக்காரு."

"எத்தனை பக்கம்?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

"முந்நூத்திப் பன்னெண்டு பக்கமும் துண்டு கெடக்குதா?"

கைலாசநாதன் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். பாய்க்கு மனம் இளகிவிட்டது. "சரி, தலைப்பு?"

"எறங்குறவங்க முன்னாடி வாங்க."

"இது தலைப்பா சார், கண்டக்டர் போடுற சத்தமா?" பாய் நெற்றியைத் தடவிக்கொண்டார். "இங்க பாருங்க. மாசியில சனிப்பெயர்ச்சி வருது."

"போன வருஷந்தானே வந்துச்சு?"

"அது திருக்கணிதம். இது வாக்கியம். ரெண்டு பஞ்சாங்கம் இருக்கறது என்னை மாதிரி ஆளுக்கு ஆண்டவன் செஞ்ச உபகாரம். இருபது நாள்ல எழுதிக் குடுங்க, மூவாயிரம் காப்பி அடிக்கிறேன். பங்குனி முடியறதுக்குள்ள மூவாயிரமும் போயிருச்சுன்னா, இன்ஷா அல்லாஹ், வைகாசியில உங்க துண்டைப் போடுவோம்."

கைலாசநாதன் சந்திலிருந்து வெளியே வந்ததும் கோபுரம் தெரிந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரில் ஒரு புத்தகம்.

அந்த இருபது நாளும் அவர் காலையில் சனி பகவானையும் மாலையில் கண்டக்டரையும் மாற்றி மாற்றி எழுதினார். நாவலை முடித்துவிட்டாலும் திருத்தம் ஓயவில்லை. கைபேசியில் ஒரு வசதி உண்டு. நாம் அடிக்கடி எழுதும் சொல்லை அது நினைவில் வைத்திருக்கும். முதல் இரண்டு எழுத்தைத் தட்டியவுடன் முழுச் சொல்லையும் மேலே நீட்டும். தொட்டால் போதும், உட்கார்ந்துகொள்ளும். இதனால் பெருவிரல் வலி குறைந்தது என்று கைலாசநாதன் அந்தக் கைபேசியை மெச்சிக்கொண்டார்.

பாயின் மகள் சாதிகாதான் பக்கங்களை வடிவமைப்பவள். அச்சுக்குப் போகும்முன், "அங்கிள், ஒரு தடவை நல்லாப் பாத்துருங்க" என்று தாள்களைக் கொடுத்தாள். அவர் மூன்று தடவை பார்த்தார். திருப்தியாக இருந்தது.

புத்தகம் வந்தது. சனி பகவானும் பெயர்ந்தார். அடுத்து வந்த சனிக்கிழமை காலை கைலாசநாதன் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினார். கண்டக்டர் முத்திருளன் அவருக்குப் பல வருடப் பழக்கம். கைபேசியில் எப்போதும் எதையோ எழுதுகிறவர் என்பதால் 'ரைட்டர் சார்' என்று கூப்பிடுவார்.

பஸ் கிளம்பியதும் ஒரு பெண் எழுந்து முத்திருளன் முன்னால் போய் நின்றாள். ஈரத்தலை, நெற்றி நிறையத் திருநீறு. கைகூப்பி, "கா, கா, கா" என்றாள்.

முத்திருளன் திகைத்தார். "லேடீஸுக்கு டிக்கெட்டு ஃப்ரீதாம்மா. எதுக்கு இப்படிக் கத்துறீங்க?"

அவள் ஒரு இலைப் பொட்டலத்தை நீட்டினாள். "சாப்பிடுங்க தம்பி."

"வச்சிட்டுப் போங்கம்மா, அப்புறமா சாப்பிடுறேன்."

"அது ஆகாது. நீங்க சாப்பிட்டத நான் பாக்கணும். அதுக்குப் பெறகுதான் நான் பச்சத்தண்ணி குடிக்கணும். ஒத்தக்கடையில எறங்கணும், வெரசாச் சாப்பிடுங்க."

நின்றுகொண்டே வந்த அறுபது பேருக்கு டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் ஒத்தக்கடை போயே போய்விட்டது. அந்தப் பெண் இறங்கவில்லை. வெள்ளரிப்பட்டி தாண்டி முத்திருளன் கடைசிப் பருக்கையை விழுங்கிய பிறகுதான் விசில் ஊதச் சொல்லி இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

கைலாசநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு கண்டக்டருக்குச் சோறு போட்டு, அவர் சாப்பிடும்வரை தானும் பட்டினி கிடந்த அந்த மனசை எண்ணி எண்ணி உருகினார். இப்படி ஒரு காட்சி நாவலில் இல்லாமல் போயிற்றே என்று 'மனசு' கோப்பில் குறித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை முத்திருளனிடம் நான்கு பொட்டலங்கள் இருந்தன. டிரைவரிடம் இரண்டு. பஸ் நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் ஆளுக்கொரு இலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் ஒருவர் சைக்கிளில் போக, பின்னாலேயே ஒரு தம்பதி "சாமி, ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் சிக்னலில் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே கூச்சல் கேட்டது. காவலர் ஒருவர் ஒரு வாலிபனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்.

"யாரப் பாத்துடா காக்காங்குற?"

"அய்யோ சார், காக்கா இல்ல சார்! கா, கா, கான்னா காப்பாத்து, காப்பாத்து, காப்பாத்துன்னு அர்த்தம் சார்! உங்களப் பாத்து வேற என்ன சார் சொல்றது? புத்தகத்துல போட்டிருக்கு சார்!"

'புத்தகத்துல' என்ற சொல் கைலாசநாதனின் காதில் விழுந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினார்.

அந்த வாலிபன் பெயர் அருள்பாண்டி. ஏதோ ஒரு கைபேசிக் கடையில் வேலை. கும்ப ராசி. அவன் பையிலிருந்து எடுத்து நீட்டிய புத்தகம் திருநள்ளாறு தாசனுடையதுதான். நாற்பத்தோராம் பக்கத்தை விரலால் காட்டினான். கைலாசநாதன் படித்தார்.

'ஏழரைச் சனி நடக்கும் அன்பர்கள் சனிக்கிழமைதோறும் நீராடி, பசியோடு காத்திருக்கும் காக்கிக்கு ஒரு கைப்பிடி எள் சாதம் படைத்து, கா கா கா என்று மும்முறை அழைத்து, அது உண்ட பிறகே தாம் உண்ண வேண்டும்.'

காக்கிக்கு. காக்கைக்கு அல்ல. ஒன்பது வருடம் கண்டக்டரின் சட்டையை எழுதி எழுதிப் பழகிய கைபேசி, சனி பகவானின் காக்கைக்கும் அதே சட்டையை மாட்டிவிட்டிருந்தது. அவருடைய கண்ணோ, சின்ன வயதிலிருந்து காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய கண். எது எழுதியிருந்தாலும் காக்கை என்றே மூன்று முறையும் படித்திருக்கிறது.

"வழக்கமா காக்கைக்குத்தானே தம்பி வைப்பாங்க?" என்றார் பலவீனமான குரலில்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சது சார். இது யாருக்கும் தெரியாத ரகசியப் பரிகாரம். சனிதான சார் ஒழைப்பாளிகளுக்குக் கெரகம்? எங்க ஜோசியரே, ஆமா, சரியாத்தான் எழுதியிருக்கான்னு சொல்லிட்டாரு."

காவலர் புத்தகத்தை வாங்கிப் படித்தார். காலரை விட்டார். பொட்டலத்தைப் பிரித்தார். "எல்லாஞ் சரி. 'அது உண்ட பிறகு'ன்னு போட்டிருக்கான் பாருங்க, அதுதான் மரியாதையில்லாம இருக்கு. 'அவர்'னு போட்டிருக்கணும்."

கைலாசநாதன் அன்று மேலூருக்குப் போகவில்லை. நேரே பாய் கடைக்குப் போனார். பாய் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாஷா அல்லாஹ்! ரெண்டாயிரத்துக்கு மேல போயிருச்சு சார்! திண்டுக்கல்லுலேருந்து கேக்குறாங்க, தேனியிலேருந்து கேக்குறாங்க. எல்லாரும் என்ன கேக்குறாங்க தெரியுமா? 'அந்தக் காக்கிப் புத்தகம் இருக்கா?' அடுத்து ராகு கேதுவுக்கு வேற யூனிஃபார்ம் ஏதாச்சும் யோசிங்க. நர்ஸம்மாவுக்கு வெள்ளை வச்சுக்கலாமா?"

"பாய், அது எழுத்துப்பிழை."

"எது?"

"காக்கை. காக்கி ஆயிருச்சு."

பாய் நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்துக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார். "விடுங்க சார். கெட்டது எதுவும் நடக்கலியே. நாலு பேரு வயிறு நெறையுது."

"பிழை திருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு வைக்கணும் பாய்."

பாயின் சிரிப்பு நின்றது. "சீட்டு வச்சா யாவாரம் நின்னுரும். காக்கைக்குச் சோறு வைக்கிறதுக்கு எவனாச்சும் புத்தகம் வாங்குவானா? இன்னும் தொள்ளாயிரம்தான் பாக்கி. போயிருச்சுன்னா உங்க நாவல். நம்ம பேச்சு அதானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கைலாசநாதன் யோசித்துக்கொண்டே வீடு வந்தார். பூஜை அலமாரி முன்னால் நின்றார். பிள்ளையாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. சோறு போட வைத்தது பாவமா என்று கேட்கலாமா? நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஈரத்தலைப் பெண் புத்தகத்தை நம்பி வெள்ளரிப்பட்டி வரை பட்டினியாகப் போனாள். அது வெறும் தட்டுப்பிழை என்று தெரிந்த ஒரு மனிதன், தன் நாவல் அச்சாக வேண்டும் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் அதற்கு என்ன பெயர்?

ஸ்ரீலக்ஷ்மியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப வயித்துக்குள்ள மனசு புகுந்துருச்சுன்னு சொல்லுங்க."

"வெளையாடாத லக்ஷ்மி. சீட்டு வச்சா நாவல் கெடையாது."

"ஒம்பது வருஷமா அந்த மாயக்காவுக்குப் பயந்து நான் பஸ்ல உங்க பக்கத்து சீட்டுல உக்காந்ததில்ல. அது புத்தகமா வந்து வெளியில போனா எனக்கும் நிம்மதிதான்." கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். "ஆனா நீங்க இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தா, புத்தகம் வந்தும் சந்தோசப்பட மாட்டீங்க. அதுவும் எனக்குத் தெரியும்."

அடுத்த சனிக்கிழமை அவர் மேலூர் பஸ் நிலையத்தில் இறங்கியும் போகாமல் நின்றார். முத்திருளன் ஏழு பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு காலியான பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ரைட்டர் சார், ஒண்ணு எடுத்துக்கங்க. புண்ணியமாப் போகும்."

"நீங்க சாப்பிடலியா?"

"பதினோரு வருசமா இந்த ரூட்டுல ஓடுறேன். சில்லறை கேப்பாங்க, ஏன் நிப்பாட்டலன்னு வைவாங்க. சாப்பிட்டியான்னு ஒரு ஆளு கேட்டதில்ல. மூணு வாரமா கேக்குறாங்க. மொத நாளு அந்தப் பொட்டலத்துல ஒரு பருக்கை மிச்சம் வைக்கல." மடியிலிருந்த பொட்டலங்களைக் காட்டினார். "ஆனா சார், எம்புட்டுதான் எள்ளு திங்கிறது? அந்த வாடை வந்தாலே குமட்டுது. டிரைவரண்ணே எண்ணெய்ச் செக்குக்குள்ள உக்காந்து வண்டி ஓட்டுற மாதிரி இருக்குங்கறாரு. எழுதுன புண்ணியவான் எங்கயாச்சும் ஆப்புட்டா, தயிர்சாதம்னு மாத்தச் சொல்லுங்க சார்."

"அந்தப் புண்ணியவான் நான்தான்."

முத்திருளன் எழுந்தே நின்றுவிட்டார். கைலாசநாதன் எல்லாவற்றையும் சொன்னார். கைபேசி, காக்கை, காக்கி, மூன்று முறை பார்த்தும் தெரியாதது எல்லாம். திட்டப் போகிறார் என்று காத்திருந்தார். முத்திருளன் பொட்டலங்களைப் பார்த்தார், பஸ் நிலையக் கூரையைப் பார்த்தார்.

"அப்ப மூணு வாரமா காக்காயெல்லாம் பட்டினியா சார்?"

"அது... அப்படி இல்ல..."

"அதுக்கு வர வேண்டியதத்தான நாங்க தின்னுருக்கோம்." அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் சோற்றை எடுத்துச் சுவரின் மேல் வைத்தார். காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து, முதலில் அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. "ஆளுக்குப் பாதி வச்சுக்குவோம் சார். அதுவும் பாவம், நாங்களும் பாவம்."

அங்கேயே, பஸ் படியில் உட்கார்ந்து, கைலாசநாதன் கைபேசியை எடுத்து எழுதினார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கைபேசி நீட்டிய எந்தச் சொல்லையும் தொடவில்லை. மாலையில் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

'பிழை திருத்தம். 41-ஆம் பக்கத்தில் காக்கிக்கு என்று இருப்பதைக் காக்கைக்கு என்று திருத்திப் படிக்கவும். பிழை என்னுடையது. அச்சிட்டவர்களுடையது அன்று. இதுவரை காக்கி உடுத்தியவர்களுக்குக் கொடுத்த அன்பர்கள் வருந்த வேண்டாம். பசித்திருந்தவர் உண்டார், அது கடவுளுக்குத் தெரியும். விரும்புகிறவர்கள் இனியும் கொடுக்கலாம். அவர்களுக்கு எள் வேண்டாம், தயிர்சாதம் போதும். கா கா கா என்றும் சொல்ல வேண்டாம், சாப்பிட்டீர்களா என்று கேட்டால் போதும். இப்படிக்கு, கைலாசநாதன் என்கிற திருநள்ளாறு தாசன்.'

பாய் இரண்டு முறை படித்தார். "சொந்தப் பேரு வேற போட்டிருக்கீங்க."

"தப்பு பண்ணினவன் பேரு வேணும்ல."

"நாவல்?"

"போனாப் போகட்டும் பாய்" என்றார் கைலாசநாதன். சொன்ன பிறகு தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

கணினி முன்னால் இருந்த சாதிகா திரும்பாமலே, "அத்தா, கால் மணி நேரத்துல சீட்டு டிசைன் பண்ணிருவேன்" என்றாள்.

பாய் மகளைப் பார்த்தார், கைலாசநாதனைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்க. சரி, அடிங்க. தெரிஞ்சே மறைச்சு விக்கிற யாவாரத்துல பரக்கத் இருக்காது, காசு ஒட்டாது. அது எனக்கும் தெரியும். ஒரு வாரம் கழிச்சுத் தெரிஞ்சிருக்கக் கூடாதான்னுதான் பாத்தேன்."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து மீதியிருந்த புத்தகங்களில் சீட்டைச் செருகினார்கள். கடைகளுக்கும் கட்டுக்கட்டாக அனுப்பினார்கள்.

பாய் சொன்னபடியே ஆயிற்று. வியாபாரம் படுத்துக்கொண்டது. பங்குனி முடியும்போது முந்நூறுக்கு மேல் மிச்சம். கைலாசநாதன் பாய் கடைப் பக்கம் போவதைத் தவிர்த்தார். மேலூர் பஸ்ஸில் மாலை நேரங்களில் கைபேசியை எடுக்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமைகளில் முத்திருளனுக்கு வரும் பொட்டலம் மட்டும் நிற்கவில்லை. ஏழு, மூன்றாகக் குறைந்தது. மூன்றும் தயிர்சாதம். ஒன்றில் ஊறுகாய்கூட இருந்தது.

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய வாரம் பாயிடமிருந்து அழைப்பு வந்தது.

"மூவாயிரம் போகல சார்."

"தெரியும் பாய்."

"ஆனா ஒண்ணு. சீட்டப் பாத்துட்டு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, புத்தகத்தத் திருப்பிக் கொண்டாந்து சண்டை போடல. இருபத்தெட்டு வருசத்துல நான் பாக்காத அதிசயம். ஆயிரம் காப்பிக்கெல்லாம் எனக்குத் தெம்பு இல்ல. உங்க துண்ட ஒரு முந்நூறு போடுவோம். வாங்க."

அட்டையைப் பற்றி மட்டும் ஒரு தகராறு நடந்தது. 'பரிகார நாவல்' என்று போட வேண்டும் என்றார் பாய்.

"ஒரு சொல்லு சார். ஒரே ஒரு சொல்லு."

"ஒரு சொல்லால பட்டது போதாதா பாய்?"

'நாவல்' என்று மட்டும் போட்டார்கள். கீழே, கைலாசநாதன்.

வைகாசியில் புத்தகம் வந்தது. ஆடி பிறக்கும்வரை பதினோரு பிரதிகள் விற்றன. அவற்றில் நான்கு உறவினர்கள் வாங்கியவை. முத்திருளன் ஒன்று வாங்கி, "லீவு போட்டுப் படிக்கணும் சார்" என்று டிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்ரீலக்ஷ்மி முதல் நாளே கடைசிப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, அவருக்குக் காபியில் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தாள். மற்றபடி படித்ததாக ஒரு குரலும் வரவில்லை. பாய் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ராகு கேது எப்போது வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை மாலை, அந்த ராகு கேது பேச்சுக்காகத்தான் கைலாசநாதன் கடைக்கு வந்திருந்தார். அப்போது ஒரு அம்மாள் படியேறி வந்தாள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொருளும் ஒரு தூக்குப்பாத்திரமும்.

"இங்க கைலாசநாதன் சாமி யாரு?"

பாய் கையைக் காட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். பெயர் சுந்தரம்மாள், அழகர்கோவில் போகிற ரோட்டில் இட்லிக் கடை. மஞ்சள் துணியை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது நாவல். அட்டையின் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது.

"அந்தக் காக்காச் சீட்டுல உங்க பேரப் பாத்தேன். தப்புன்னு ஒத்துக்கிட்ட ஜோசியரை நான் சென்மத்துல பாத்ததில்ல. அந்த ஆளு இன்னொண்ணு எழுதியிருக்காருன்னு சொன்னாங்க, வாங்கிட்டேன். சனிக்கெழமை தலைக்கு ஊத்தி, வெளக்கேத்தி வச்சு, பத்துப் பக்கம் படிக்கிறேன்."

"விளக்கா?" என்றார் கைலாசநாதன்.

"மேல 'நாவல்'னு போட்டிருந்துச்சுல்ல? சனிக்குக் கறுப்புதான ஆகும்னு ஒரு தட்டு நாவப்பழமும் வச்சுத்தான் படிக்கிறேன்." தூக்குப்பாத்திரத்தைத் திறந்து காட்டினாள். உள்ளே கருகருவென்று பழங்கள். "ஆனா சாமி, சீசன் முடியப் போகுது. அதுக்கப்புறம் எத வைக்கிறதுன்னு கேக்கணும்."

பாய் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

"இன்னொரு சங்கதி. எண்பதாம் பக்கத்துல நிக்குது. மாயக்கா வரல. அந்தப் புள்ள துண்டப் போட்டு வச்சுக்கிட்டே வாரான். இட்லி ஊத்தயில அதே நெனப்பு சாமி. ரோட்டுல பஸ் போனா உள்ள எட்டிப் பாக்குறேன், சீட்டுல துண்டு கெடக்கான்னு. அடுத்த சனிக்கெழமை வரைக்கும் என்னால பொறுக்க முடியல. வியாழக்கெழமை படிச்சாத் தோசமா? மொத்தமாப் படிச்சா பலன் போயிருமா?"

கைலாசநாதன் நாவலைத் தொட்டுக் காட்டினார். "அம்மா, இது பரிகாரம் இல்ல. கதை. நானா எழுதுன கதை."

"கதையா?"

"ஆமாம்மா. மாயக்கான்னு யாரும் இல்ல."

சுந்தரம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா சொல்லாதீங்க. இல்லாத ஆளுக்கா ரெண்டு மாசமா நான் தூங்காமக் கெடக்கேன்?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "சரி, கதையோ என்னமோ. அவ வருவாளா, மாட்டாளா? அத மட்டும் சொல்லுங்க."

அந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்றுதான் அவர் ஒன்பது வருடங்கள் பஸ்ஸில் பெருவிரல் தேய எழுதியது.

"சொன்னா நல்லா இருக்காதும்மா. நீங்களே படிங்க."

"என்னைக்குப் படிக்கட்டும்?"

"இன்னைக்கே."

"பழம்?"

"படிச்சுக்கிட்டே சாப்பிடுங்க."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே ராசிபலன் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எண்பத்தோராம் பக்கத்தைத் திறந்தாள். உதடு அசைய அசையப் படித்தாள். கை தானாகப் போய் ஒரு பழத்தை எடுத்தது.

பாய் கைலாசநாதனைப் பார்த்தார். பிறகு ஓசைப்படாமல் எழுந்து, மேசை விசிறியை அந்த அம்மாள் பக்கம் திருப்பி வைத்தார்.

"காத்து வேணாம் பாய், எழுத்து ஆடுது" என்றாள் சுந்தரம்மாள், தலை நிமிராமல்.